மன உறுதி என்றொரு சாமி

என் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி ஏலத்தில் போனது. அடகுக் கடன் 70,000 ரூபாய். ஆண்டு வட்டி 18 விழுக்காடு. கட்ட வேண்டியிருந்தது 12,600 ரூபாய். ஏல அறிவிப்பு பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்தான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. உறையை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ஓடினேன். 23 நாள் அது அங்கேயே கிடந்தது. அந்த 23 நாளும் என் வங்கிக் கணக்கில் 31,000 ரூபாய் இருந்தது.

கடைசி வரியைத்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை. பணமில்லாமல் நகையை இழந்தவளோடு சேர்ந்து ஊர் அழும். பணம் இருந்தும் இழந்தவளை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் போட்டு நிரப்ப அதனிடம் சில சொற்கள் எப்போதும் தயாராக இருக்கும்.

அத்தை சொன்னார்: "ஏழரைச் சனிம்மா. போற வரைக்கும் படுத்தும்." எதிர்வீட்டு அக்கா சொன்னார்: "கும்பகோணம் பக்கத்துல திருச்சேறைக்குப் போ. ருண விமோசனருக்குப் பதினோரு திங்கக்கிழமை அர்ச்சனை பண்ணு, கடன் தன்னால அடையும்." ஐம்பது ஆண்டு கறுப்புச் சட்டைக்காரரான என் அப்பா இரண்டையும் கேட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சனியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. உனக்கு மன உறுதி இல்ல. அவ்வளவுதான்."

முதல் இரண்டையும் மறுத்துப் பேச எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அதே அப்பாவிடம் கற்றதுதான். மூன்றாவதை மறுக்க 39 வயது ஆனது. அதுவரை நான் அந்தச் சாமியைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போகாத வீடுகளிலும் அதற்கு ஒரு மாடம் இருக்கிறது.

ஒரு சாமியைச் சோதிப்பது எப்படி என்று அப்பா சொல்லித்தந்திருக்கிறார். நடந்தால் சாமியின் அருள், நடக்காவிட்டால் பக்தனின் குறை என்று சொல்கிறார்களா? என்ன நடந்தாலும் சாமிக்குச் சேதம் வராதபடி ஏற்பாடு செய்திருக்கிறார்களா? அப்படியானால் அங்கே ஏற்பாடு மட்டும்தான் உண்டு, சாமி இல்லை.

அதே உரைகல்லில் மன உறுதியை உரைத்துப் பாருங்கள். ஒருவர் தேதி தவறாமல் தவணை கட்டுகிறார். அவருக்கு மன உறுதி இருக்கிறது என்கிறோம். எப்படித் தெரியும்? கட்டுகிறாரே! இன்னொருத்தி கட்டவில்லை. அவளுக்கு இல்லை என்கிறோம். எப்படித் தெரியும்? கட்டவில்லையே! நடந்த ஒன்றுக்கு இரண்டாவதாக ஒரு பெயர் சூட்டிவிட்டு, அதையே காரணம் என்று நம்புகிறோம். மழைக்கு வருணனைக் காரணம் காட்டியவர்களும் இதைத்தான் செய்தார்கள்.

உளவியலாளர்களும் இந்தச் சாமியைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். மன உறுதி எரிபொருள்போலப் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீரும் என்று 1998-இல் வெளியான ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து மறுபடி சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. சோதித்துப் பார்க்கும் துணிவு அறிவியலுக்கு இருந்தது. நம் வீடுகளுக்கு ஏன் இல்லை?

என் மகனுக்கு ஒன்பது வயதானபோது, வகுப்பில் அவன் கவனம் நிற்கவில்லை என்று ஆசிரியர் சொல்ல, மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் அவனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் மனம் என்னைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து எனக்கும் அதே பெயரை எழுதினார்கள்: ஏடிஎச்டி. தமிழில் கவனக்குறைவு என்கிறோம். அந்தச் சொல் கொஞ்சம் ஏமாற்றும். எனக்குக் கவனம் குறைவில்லை. பிடித்த வேலையில் உட்கார்ந்தால் சோறு மறந்துபோகும். வேண்டிய பக்கம் அதைத் திருப்பும் கைப்பிடிதான் தளர்ந்திருக்கிறது. ஒன்றை மனத்தில் ஏந்தியபடியே இன்னொன்றைச் செய்வது எனக்குக் கடினம். காலம் என் உடம்புக்கு இரண்டே பகுதிதான்: இப்போது, இப்போது அல்லாதது. மூன்று வாரக் கெடுவும் மூன்று வருடக் கெடுவும் இரண்டாவது பகுதியில் ஒன்றாகவே கிடக்கும்.

வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு என்பது உலகளாவிய மதிப்பீடு. இரட்டையர் ஆய்வுகளின்படி, இந்த இயல்பில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு மரபுவழி வருவது. சுவீடன் நாட்டின் மக்கள் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2020-இல் வெளியானது. ஏடிஎச்டி உள்ளவர்கள் கடன் தவறும் வாய்ப்பு அதிகம் என்றும், நடுத்தர வயதில் அது வேகமாகக் கூடுகிறது என்றும் அந்த ஆய்வு கண்டது. அவர்களில் பண நெருக்கடிக்கு ஆளானவர்களிடம் தற்கொலை அபாயமும் கூடியிருந்தது. ஆகவே இது உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு. யாருக்கு நற்சான்றிதழ் கொடுப்பது என்ற பேச்சு இதன்முன் சிறியது.

"மறதி எல்லாருக்கும்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். இருமல்கூட எல்லாருக்கும் உண்டு. அதற்காகக் காசநோய்க்காரரிடம் போய் அப்படிச் சொல்வதில்லை.

இனி சுயமரியாதை இயக்கத் தோழர்களிடம் நேராக ஒரு கேள்வி. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதுதானே நம் இயக்கத்தின் முதல் பாடம்? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி ஒருவருக்குப் பிறப்பிலேயே கடிகாரம்போல அமைந்துவிடுகிறது. அவர் தேதி தவறாமல் தவணை கட்டுகிறார். அதற்காக அவரை ஒழுக்கமானவர் என்கிறோம். இன்னொருத்திக்கு அப்படி அமையவில்லை. அவளைப் பொறுப்பற்றவள் என்கிறோம். உழைத்துச் சம்பாதிக்காத ஒன்றுக்கு உயர்ந்த இடமும், கேட்டு வாங்காத ஒன்றுக்குத் தாழ்ந்த இடமும் கொடுக்கிறோம். இந்த ஏணியை நாம் வேறெங்கோ பார்த்ததில்லையா?

அப்பாவுக்கு இது உறைக்க வேண்டுமென்றால் அம்மாவின் காலண்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வாழ்நாளில் ஒரு தவணையும் தவறவிட்டதில்லை என்பது அப்பாவின் பெருமை. வீட்டுக் கடன், ஆயுள் காப்பீடு, சீட்டு, இயக்க இதழின் சந்தா, எல்லாம் தேதிக்குத் தேதி. அம்மா இறந்த பிறகு சமையலறையை ஒழித்தபோது, மளிகைக் கடைகளில் கொடுக்கும் மாதக் காலண்டர்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. ஒவ்வொரு மாதத்திலும் நாலைந்து தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்து: "சீட்டு", "பாலிசி", "அவருக்கு நேத்தே சொல்லணும்". தவணை நாள் காலையில் அப்பாவின் சட்டைப்பையில் எண்ணி வைத்த பணமும் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். அதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

பேசும் சாமி என்று ஊரே கும்பிட்ட சிலைக்குப் பின்னால் ஆள் ஒளிந்து நின்று பேசிய கதையை அப்பா கூட்டங்களில் சொல்வார். எங்கள் வீட்டுச் சிலைக்குப் பின்னால் நின்று பேசியவர் அம்மா. அவர் கழுத்துச் சங்கிலியைத்தான் நான் தொலைத்தேன்.

சுயமரியாதைத் திருமணத்தை அண்ணா அரசு 1967-இல் சட்டப்படி செல்லுபடியாக்கிய சில ஆண்டுகளில் மணம் முடித்தவர்கள் என் பெற்றோர். புரோகிதர் இல்லை, தாலி இல்லை, கல்யாணக் கடனும் இல்லை. கடன் வாங்கிச் சடங்கு செய்வதைப் பெரியார் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படித் தொடங்கிய வீட்டில்கூட ஒரு வேலை கண்ணுக்குப் படாமலே நடந்திருக்கிறது. நினைவில் வைத்திருப்பதும், முன்கூட்டி எண்ணுவதும், அடுத்தவரை உசுப்புவதும் வேலை. பாத்திரம் தேய்ப்பதுபோல அது உழைப்பு. ஆணின் மறதியை ஒரு பெண் தாங்கிப் பிடிக்கும்போது அவர் "பெரிய சிந்தனையாளர், இந்தச் சின்ன விஷயமெல்லாம் அவருக்கு நிக்காது" என்று பெயர் வாங்குகிறார். அதே மறதி பெண்ணுக்கு இருந்தால் அவள் குடும்பத்துக்கு ஆகாதவள். அவளுக்குப் பின்னால் காலண்டரோடு யாரும் நிற்பதில்லை.

கவனம் என்பது உழைப்பு. நான் சொல்ல வந்தது இதுதான். உழைப்பு என்று ஒப்புக்கொண்டால் அதைப் பங்கு போடலாம், இயந்திரத்திடம் கொடுக்கலாம், இல்லாதவருக்குத் துணை தேடலாம். குணம் என்று வைத்துக்கொண்டால் புகழலாம் அல்லது திட்டலாம். வேறெதுவும் செய்ய முடியாது.

நம் மொழியே இங்கே நம்மைக் கொஞ்சம் மயக்குகிறது. சங்கப் பாடல்களில் கடன் என்றால் பெரும்பாலும் கடமை. பின்னால் வாங்கிய பணத்துக்கும் அதுவே பெயரானது. நேர்த்திக்கடன், பிதுர்க்கடன், இறுதிக்கடன் எனத் தெய்வத்துக்கும் செத்தவர்க்கும் செலுத்துவதும் அதே சொல்லுக்குள் வந்தது. நேர்த்திக்கடனை மறுத்த பகுத்தறிவாளர்கூட வங்கிக் கடன் என்றதும் குரலைத் தாழ்த்துகிறார். வட்டிக் கணக்கில் தெய்வக்குற்றத்தின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடன் தவறினால் பணத்தோடு சேர்த்து மானமும் போகும் என்பது பாவம் புண்ணியக் கணக்கின் மிச்சம். வாங்கியது பணம். திருப்ப வேண்டியதும் பணம்தான். மானம் அந்தப் பத்திரத்தில் எந்த வரியிலும் எழுதப்படவில்லை.

அப்படிக் கழுவிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது கணக்கு. சங்கிலி போன பிறகு என் வீட்டில் ஆறு கடன்கள் இருந்தன. வங்கியில் வாங்கிய தனிநபர் கடன் 1,40,000. கடன் அட்டையில் 48,000. மகளிர் குழுவில் பாக்கி 18,000. எதிர்வீட்டு அக்காவிடம் கைமாற்று 10,000. வாஷிங் மெஷின் தவணையில் பாக்கி 7,500. மகனின் பள்ளிக் கட்டணம் 6,500. மொத்தம் 2,30,000 ரூபாய், ஆறு வெவ்வேறு தேதிகள்.

கடன் அட்டைக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி. 48,000-க்கு 1,680 ரூபாய். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, 302 ரூபாய். அறிக்கையில் "குறைந்தபட்சத் தொகை" என்று 2,400 ரூபாய் போட்டிருந்தார்கள். அதை ஒழுங்காகக் கட்டினால் அசலில் குறைவது 418 ரூபாய்தான். அத்தோடு நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. எந்தத் தொகையை முன்னால் காட்டினால் மனிதர்கள் அதையே கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள் என்பது கொடுப்பவருக்குத் தெரியும். நம் கவனம் தவறும் இடத்தில் வருமானம் வரும்படி ஒரு வியாபாரம் அமைந்திருக்கிறது. எடைக்கல்லில் குறை வைத்தால் மோசடி என்கிறோம். இதற்கு மட்டும் வாடிக்கையாளரின் ஒழுக்கக்குறைவு என்று பெயர்.

அந்தத் தீபாவளிக்கு போனஸாக 24,000 ரூபாய் வந்தது. கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் சொல்வது ஒன்றுதான்: அதிக வட்டி உள்ள கடனில் முழுப் பணத்தையும் போடு. கடன் அட்டையில் போட்டால் மாதம் ஜிஎஸ்டியோடு 991 ரூபாய் மிச்சம். நான் அப்படிச் செய்யவில்லை. அக்காவின் கைமாற்று, வாஷிங் மெஷின், பள்ளிக் கட்டணம், மூன்றையும் ஒரே நாளில் முடித்தேன். 10,000, 7,500, 6,500. சரியாக 24,000.

இது அறிவுக்கு எதிரானதா? முந்தைய ஓராண்டில் தாமதக் கட்டணமாகவும், கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பிய அபராதமாகவும் நான் கட்டியது 14,300 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 1,190. அதில் பெரும்பகுதி பணம் இல்லாததால் வரவில்லை. ஒரு கணக்கில் இருந்த பணம் வேறொரு கணக்குக்குத் தேதியில் போய்ச் சேராததால் வந்தது. ஆறு தேதி மூன்றானதும் அடுத்த ஆறு மாதத்தில் ஓர் அபராதமும் இல்லை. அடைந்த கடன்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் கடன் அட்டைக்குத் திரும்பியது. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தவர் கணக்கில் ஒரு செலவை விட்டுவிட்டார். கவனத்துக்கும் விலை உண்டு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் சயின்ஸ் இதழில் வந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாமல் அடகு வைத்துக் காலம் தள்ளும்போது சிந்தனைத் தேர்வில் குறைவாக எடுத்தவர்களே, அறுவடைப் பணம் வந்த பின் கூடுதலாக எடுத்தார்கள். ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. சிங்கப்பூரில் நாள்பட்ட கடனில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் வரை கடனடைத்து உதவிய திட்டத்தை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஒரே அளவு உதவி பெற்றவர்களில், அதிகக் கடன் கணக்குகள் முழுதாக முடிந்தவர்களுக்கே பதற்றம் கூடுதலாகக் குறைந்தது, சிந்தனை கூடுதலாகத் தெளிந்தது. கடனின் தொகையைப் போலவே கடன்களின் எண்ணிக்கையும் மூளையைத் தின்கிறது. கவனம் சீராக ஓடும் மனிதருக்கே இந்த நிலை என்றால், பிறப்பிலேயே அது இழுத்துப் பறிப்பவருக்கு?

மைத்ர முகூர்த்தம் என்று ஜோதிடர்கள் ஒரு நேரம் குறித்துத் தருகிறார்கள். அந்த நேரத்தில் அசலில் ஒரு சிறு தொகையைத் திருப்பினால் கடன் விரைவில் அடையுமாம். இதைக் கேலி செய்துவிட்டு நகர்வது எளிது. நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். குறித்த நாள், குறித்த மணி, சிறிய தொகை, அசலில். இந்த நான்கும் வேலை செய்யக்கூடியவை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று முன்பே முடிவு செய்தவர்கள் வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதினார். கிரகத்தை எடுத்துவிட்டால் அது ஓர் அலாரம். அலாரத்தை வைத்துக்கொண்டேன்.

சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது. எல்லாத் தவணைகளையும் மூன்றாம் தேதிக்கு மாற்றிக் கேட்டு, தானாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்தேன். தவணைக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கிறது. அதற்கு ஏடிஎம் அட்டை இல்லை. பொருள் வாங்கும் செயலிகளிலிருந்து கடன் அட்டை எண்ணை அழித்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு தோழி போனில் இருப்பாள். அவள் துணி மடிப்பாள். நான் அந்த வார உறைகளைப் பிரிப்பேன். பேசக்கூட மாட்டோம். மாத்திரையும் சாப்பிடுகிறேன், உதவுகிறது. ஆனால் மாத்திரை உறையைப் பிரிக்காது.

சில உரிமைகளையும் அப்போதுதான் அறிந்தேன். பாக்கி வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. நுண்கடனுக்கு அழைக்கக்கூடிய நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. நுண்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. கந்து வட்டியும் மீட்டர் வட்டியும் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. வங்கி வாசலில் சாய்தளம் கேட்கும் நாம், அதன் படிவத்திலும் ஒரு சாய்தளம் கேட்கலாம். முழு நிலுவையைத் தானாகக் கட்டும் ஏற்பாட்டை முதலில் கொடுங்கள், குறைந்தபட்சத்தை வேண்டுபவர் கேட்டு வாங்கட்டும். எல்லாத் தவணைக்கும் ஒரே தேதி கேட்டால் மறுக்காதீர்கள்.

"அப்படின்னா பொறுப்பே கிடையாதா?" என்று அப்பா கேட்டார். பொறுப்பு உண்டு. ஒவ்வொரு ரூபாயையும் நான்தான் கட்டுகிறேன். கண்பார்வை குறைந்தவர் பேருந்து ஓட்ட வேண்டுமானால் கண்ணாடி போடுவது அவர் பொறுப்பு. பார்வை குறைந்ததற்காக வெட்கப்படுவது அவர் பொறுப்பில் சேராது. வெட்கத்தால் கண்ணாடியை மறைத்தால்தான் பேருந்து கவிழும். அந்த உறை 23 நாள் கிடந்ததற்கு முதல் நாளுக்குத்தான் மறதி காரணம். மற்ற 22 நாளும் அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மன உறுதி என்ற சாமி எனக்குத் தந்த ஒரே வரம் அந்த 22 நாள். அப்பாவிடம் அம்மாவின் காலண்டர் கட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வெகுநேரம் பேசவில்லை.

இந்த ஆண்டு ஜூன் மாதம், ஒரு நாள் என் மகன் பள்ளியிலிருந்து வந்து பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். இரவு எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் இல்லை, அந்த மாதத்தில் மூன்றாவது. கேட்டதும் அவன் முகம் சுருங்கிய விதம் எனக்குத் தெரிந்ததுதான். கட்டிலுக்கு அடியில் இருந்தது என் ஃபிரிட்ஜ் மேல் கிடந்த உறை.

அவனுக்கு இந்த மூளை போய்ச் சேர்ந்ததில் என் விருப்பம் எதுவும் இல்லை. ஒளித்து வைக்கும் பழக்கத்தை மட்டும் அவன் என்னைப் பார்த்துக் கற்றிருக்கிறான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது என் கடன், சொல்லின் பழைய பொருளில்.

ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் கடன் தாள் ஒட்டியிருக்கிறது. ஆறு வரியில் நாலு அடித்தாகிவிட்டது. கடன் அட்டையும் வங்கிக் கடனும் பாக்கி. பேனாவை அவனிடம் கொடுத்தேன். ஏழாவது வரியில் "தண்ணி பாட்டில் – 3" என்று எழுதினான். எழுதிவிட்டு, இனி பாட்டிலைப் பையோடு கயிறு போட்டுக் கட்டிவிடலாமா என்று கேட்டான்.

கயிறு எடுத்து வந்தேன். இருவரும் உட்கார்ந்து கட்டினோம்.